கூம்பின் கன அளவு

தங்கபுஷ்பத்துக்கு நடந்த அநியாயம் இதுதான்: நாற்பத்தைந்து வயதில், அக்கம்பக்கம் ஒருத்தருக்கும் தெரியாமல், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையைத் தனித்தேர்வராக மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தோற்றுப் போனவள் அவள், அதை அறுநூறு பேர் கூடியிருந்த பல்கலைக்கழக அரங்கத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டி ஜோக்காகச் சொல்லிவிட்டார் பட்டிமன்ற நடுவர். பேர் சொல்லவில்லை. "நம்ம ஊர்ப் பக்கம் ஒரு அம்மாங்க" என்றுதான் ஆரம்பித்தார். அந்த அம்மா மூன்றாவது வரிசையில், நடைபாதையை ஒட்டிய நாற்காலியில், பச்சைச் சேலை கட்டிக்கொண்டு தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மேடையில் இருந்தாள். இடது பக்க மேசையில் மூன்றாவது பேச்சாளர், முதுகலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவி, முத்துமீனா. தங்கபுஷ்பத்தின் மகள். நடுவருக்கு அந்தக் கதையைச் சொன்னதும் அவள்தான். "மூணு தடவை கணக்குல பெயிலுங்க அந்த அம்மா. எக்ஸ்னா என்னன்னு தெரியாது, ஒய்னா என்னன்னு தெரியாது. ஆனா புருஷன் ஆறு மணிக்கு வாரேன்னுட்டு ஆறே முக்காலுக்கு வந்தான்னு வைங்க, அந்த முக்கால் மணி நேரத்தை எங்க கழிச்சான்னு மட்டும் கூட்டி, பெருக்கி, வகுத்து, விடையை அடிக்கோடு போட்டு எழுதிருவா!" அரங்கம் வெடித்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி ஒரு சத்தம், முன்வரிசைத் துறைத் தலைவர்களில் தொடங்கி மாடியில் நின்ற முதலாமாண்டுப் பையன்கள் வரைக்கும் போய், அங்கே விசிலாக மாறித் திரும்பி வந்தது. முத்துமீனாவும் சிரித்தாள். அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அரை விநாடி. மேடையில் இருக்கிறவர்கள் நடுவர் ஜோக்குக்குச் சிரிக்க வேண்டும், செல்போன்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கின்றன, ஆறு வருஷமாகப் பேச்சுப் போட்டி பேச்சுப் போட்டியாக ஏறி இறங்கிப் பழகிய உதடு, காது கேட்டு முடிப்பதற்குள் தானாக விரிந்துவிட்டது. இது அம்மா கதை என்று மண்டையில் ஏறியபோது பல் வெளியே இருந்தது.

அம்மாவும் சிரித்தாள். முந்தானை நுனியை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, பக்கத்து நாற்காலிக்காரியைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டு. அது எந்தச் சிரிப்பு? அம்மாவிடம் சிரிப்பு பல தினுசு உண்டு. பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் சார் "தங்கபுஷ்பம், சாம்பாரா இது, தாமிரபரணியா?" என்று கேட்கும்போது ஒரு சிரிப்பு. கரண்டி இவள் கையில், பருப்பு டப்பாச் சாவி அவர் கையில். சிரிக்காமல் என்ன செய்வாள். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "கலெக்டர் அம்மா சோறு போடுவாகளா?" என்று கேட்கும்போது இன்னொரு சிரிப்பு, அதில் சத்தமே இருக்காது, கழுத்து நரம்பு மட்டும் தெரியும். நிஜச் சிரிப்பு வேறு. அதற்கு முந்தானை வராது, மேல்வரிசையில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிய அந்தப் பல் வெட்ட வெளிச்சமாகத் தெரியும். இப்போது பல் தெரியவில்லை. முந்தானை இருந்தது. முந்தானை இறங்கியபோது முகத்தில் ஒன்றும் இல்லை, கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி இருந்தது. அம்மா குனிந்து மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. மறுபடி இழுத்தாள். அதற்குள்தான் ஹால் டிக்கெட் இருக்கிறது. காலையில் பல்கலைக்கழக வாசல் ஜெராக்ஸ் கடையில் இரண்டு நகல் எடுத்து நாலாக மடித்து வைத்தது. வியாழக்கிழமை பரீட்சை. நாலாவது தடவை. "இந்தத் தரமும் போச்சுன்னா அவ்வளவுதான்ட்டி, புஸ்தகத்தப் பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுருவேன்" என்று சொல்லியிருந்தாள். பத்தாவது பாஸ் ஆனால் அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். சாவி இவள் கைக்கு வரும். பதினெட்டு வருஷம் அடுத்தவன் சாவியில் சமைத்தவளுக்கு அந்தச் சாவி எவ்வளவு பெரிசு என்று இந்த அறுநூறு பேரில் யாருக்குத் தெரியும்? நடுவர் அதற்குள் அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார். எதிரணி மூன்றாவது, ஆய்வு மாணவர் அனந்தநாராயணன். எட்டு நிமிஷம். ஆறாவது நிமிஷத்தில் ஒரு மணி, எட்டில் இரண்டு மணி. அதற்குப் பிறகு இவள்.

வடை. எல்லாம் அந்த வடையால் வந்தது. காலையில் துறை அறையில் ஆறு பேச்சாளர்களையும் உட்கார வைத்து, தேநீரும் உளுந்து வடையும் கொடுத்து, ஆளாளுக்கு என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார் நடுவர். நகைச்சுவைத் தென்றல் குற்றாலலிங்கம். எந்தப் பட்டிமன்றத்திலும் இது வழக்கம்தான். ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் சொல்லிவிடக் கூடாது, நடுவர் நடுநடுவே கோத்துக்கொடுக்க வேண்டும், அதற்காகப் பேச்சாளர்கள் தங்கள் சரக்கை முன்கூட்டியே அவர் காதில் போட்டுவிடுவார்கள். "உங்க வீட்டுல நடந்த சம்பவம் ஏதாவது வச்சிருக்கியாம்மா? சொந்தக் கதைக்குத்தான் கைதட்டு." என்ன அன்பாகக் கேட்டார். இவள் சொன்னாள். எல்லாம் சொன்னாள். அடுப்படியில் புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பது, வெங்காயம் உரிக்கும்போது வாய்ப்பாடு சொல்வது, மூன்று தோல்வி, நாலாவதுக்குப் பணம் கட்டிவிட்டு வந்து ஒரு முழு நாள் யாரோடும் பேசாமல் இருந்தது. அம்மா என்று சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்றுதான் சொன்னாள். பேச்சின் கடைசியில், கைதட்டல் வாங்குகிற இடத்தில், வைப்பதற்காகப் பத்திரமாக வைத்திருந்த கதை. "அருமைம்மா, அருமை, கண்ணுல தண்ணி வந்துட்டு" என்று எண்ணெய்க் கையைக் கைக்குட்டையில் துடைத்தார். இப்போது பாதியை வெட்டி, மீதியில் புருஷனைச் சேர்த்து, ஜோக்காக்கிப் பரிமாறிவிட்டார். திருட்டு. ஆனால் கதவைத் திறந்து விட்டது யார்? "யாருட்டயும் சொல்லிராதட்டி" என்று அம்மா சொன்னது ஒரு தடவையா இரண்டு தடவையா? நுணலும் தன் வாயால் கெடும் என்று எட்டாம் வகுப்பில் விளக்கம் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் தானே நீ, முத்துமீனா. கைதட்டலுக்காக நீ அம்மாவை விற்கப் பார்த்தாய், அவர் முந்திக்கொண்டார். இல்லை, இரண்டும் ஒன்றாகாது. நான் முழுசாகச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பாயா? அம்மாவைக் கேட்டுவிட்டா சொல்லியிருப்பாய்?

தலைப்பைப் பார். பெண்ணைப் பெரிதும் உயர்த்திப் பிடிப்பது இலக்கியமா, சின்னத்திரையா. இலக்கியத்துக்கு மூன்று ஆண்கள், சின்னத்திரைக்கு மூன்று பெண்கள். குலுக்கல் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. "சீரியல் பத்திப் பேச லேடீஸ்தானம்மா சரி, அனுபவம் இருக்கும்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர், இவள் இளங்கலையில் காப்பியங்களில் தங்கப் பதக்கம் வாங்கியவள் என்று தெரிந்துகொண்டே. இவள் வீட்டில் ஏழரை மணிக்கு சீரியல் வைக்கிறது அப்பா. மாமியார் மருமகள் காபியில் எதையோ கலக்கும்போது "ஐயோ குடிச்சிராத, குடிச்சிராத" என்று டிவியோடு பேசுகிறது அப்பா. அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அதை எந்தத் தொடரில் காட்டினான்? தூங்கி எழும்போதே பட்டுச்சேலையும் முழ நீள மல்லிகையுமாக எழுகிறவள் ஒருத்தி, புருவத்தை ஏற்றிக்கொண்டு சதி செய்கிறவள் ஒருத்தி, சாமி படத்துக்கு முன்னால் அழுகிறவள் ஒருத்தி. நாடு முழுக்கப் பெண்கள் இந்த மூன்று அச்சில்தான் வார்க்கப்படுகிறார்கள் போல. இதைத்தான் இவள் உயர்வு என்று வாதாட வேண்டும். அந்தப் பக்கம் அனந்தநாராயணன் குரலைத் தாழ்த்தி, கையை அகல விரித்து, "பெண் என்பவள் நதி" என்றான். நதியாம். "பெண் பொறுமையில் பூமி, அழகில் நிலவு, இல்லத்துக்கு விளக்கு!" கைதட்டல். நூலகத்தில் இவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து நாலு வருஷமாக ஆய்வு எழுதுகிறவன்; சாப்பிட்ட டிபன் டப்பாவைக் கூட விடுதிக்கு எடுத்துப்போய் ஒரு அக்காவிடம் கழுவக் கொடுக்கிறவன். டேய், இரண்டாயிரம் வருஷமாக நதி, நிலவு, மான், மயில், கொடி, கிளி. ஒரு ஆள் கூடவா எழுதவில்லை, ஒரு பெண்ணுக்குப் பல்வலி வந்தது, அன்றைக்கு அவள் யாருக்கும் நிலவாக இல்லை என்று? பூமியைப் போல் பொறுமை என்கிறாய், பூமியைத் தோண்டாமல் ஒரு நாள் இருந்திருக்கிறாயா? விளக்கு என்றால் ஒரு மூலையில் இரு, எரி, எண்ணெய் தீர்ந்தால் சொல்லாதே. இந்தப் பக்கம் அவர் ஜோக்கடிக்கிறார், அந்தப் பக்கம் நீ கும்பிடுகிறாய். கும்பிடுகிற கையிலும் கிள்ளுகிற கையிலும் எந்தக் கை வலது, எந்தக் கை இடது? ஒரே உடம்புதானே. கணக்குப் புத்தகம் மட்டும் என்ன வாழ்ந்தது. பழைய வழிகாட்டி ஒன்றில் இருந்தது: ஒரு வேலையை ஆறு ஆண்கள் அல்லது பத்துப் பெண்கள் பன்னிரண்டு நாளில் முடிப்பர் எனில். அம்மா அந்த 'எனில்' வரைக்கும் கூடப் போகவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "என்ன வேலைட்டி?" "அம்மா, வேலை ஏதோ ஒரு வேலை, எக்ஸ்னு வச்சிக்கோ." "அதெப்படி வைக்க? நாத்து நடுகதா இருந்தா ஆறு ஆம்பளைக்குப் பன்னெண்டு நாளு இல்ல, பன்னெண்டு வருசம் ஆனாலும் முடியாது. இதை எழுதுனவன் வயலுக்குள்ள கால வச்சிருக்கானா?" அந்த வயலை விட்டு அம்மா வெளியே வரவே இல்லை. முதல் தடவை தோற்றது அந்த மாதிரி. அன்றைக்கு இவளுக்குச் சிரிப்பு வந்தது. விடுதித் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆக இவளும் அதை ஜோக்காக்கியவள்தான். ஐயோ. அம்மா கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி. என்ன வேலை? அதைக் கேட்காமல் தானே எல்லாக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

டங். ஆறாவது நிமிஷம். மேசைக்குக் கீழே இவள் குறிப்பு அட்டைகள் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. என்ன செய்யலாம். எழுந்து போய், "நடுவர் அவர்களே, நீங்கள் கேலி செய்த அந்தப் பெண் என் தாய், இதோ உட்கார்ந்திருக்கிறார்" என்று கையை நீட்டினால்? அரங்கம் உறைந்துபோகும். நடுவர் கை கூப்புவார். சாயங்காலத்துக்குள் இணையத்தில் லட்சம் பேர் பார்ப்பார்கள். நாளைக்குச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் சார் செல்போனை எடுத்துக்கொண்டு வருவார்: "தங்கபுஷ்பம், நீ டிவி ஸ்டார் ஆயிட்டியாமே, எக்ஸ்னா என்ன, சொல்லு பாப்போம்." அப்பா ஒன்றுமே சொல்ல மாட்டார், சீரியல் சத்தத்தைக் கூட்டி வைப்பார், அது போதும். வியாழக்கிழமை அம்மாவுக்குத் தலைவலி வரும். அம்மா எதையும் கைவிடும்போது தலைவலிதான் வரும். ஆக கையை நீட்டினால் இவள் ஜெயிப்பாள், அம்மா தோற்பாள். காலையில் செய்ததையே இன்னும் பெரிய மைக்கில் செய்கிறாள், அவ்வளவுதான். பேசாமல் இருந்தால்? "நகைச்சுவைத் தென்றல் நடுவர் அவர்களே" என்று தேனாக ஆரம்பித்து, ஒத்திகை பார்த்த எட்டு நிமிஷத்தையும் ஒப்பித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினால், பேருந்தில் அம்மா பக்கத்தில் எப்படி உட்காருவது? அம்மா கேட்க மாட்டாள். "நல்லாப் பேசுன" என்பாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தக் கேட்காத முகம். ஒரு தடவை அதைப் பார்த்திருக்கிறாள். மூன்றாவது தேர்வுக்கு முந்தின வாரம், கூம்பு நடத்திய அன்றைக்கு. கூம்பின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு ஏன் வருகிறது என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை. இவள் பழைய காலண்டர் அட்டையைச் சுருட்டி, பவுடர் டப்பாவின் வாய்க்கும் உயரத்துக்கும் சரியாக ஒரு கூம்பு செய்து, அதில் அரிசியை நிரப்பி டப்பாவில் கொட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் டப்பா தலை தட்டி நின்றது. அம்மா அப்படியே பார்த்தாள். பல் தெரியச் சிரித்தாள். "அட மூதி, இதைத்தான் இவ்வளவு நாளா ஒளிச்சு வச்சிருந்தானுகளா!" அப்புறம் வேகவேகமாக ஏழு கூம்புக் கணக்குப் போட்டாள், ஏழும் சரி, ஏழிலும் கடைசியில் அலகு எழுதவில்லை. இவளுக்குப் பொறுக்கவில்லை. "எத்தனை தடவை சொல்லுதது? கன செ.மீ. எழுதணும். வெறும் நம்பர் மட்டும் எழுதுனா மார்க் போடுவானா? உனக்கெல்லாம் சொல்லிக் குடுத்து..." என்று நோட்டை வீசிவிட்டாள். அம்மா குனிந்து தரையில் சிந்திய அரிசியை ஒன்றொன்றாகப் பொறுக்கினாள். அந்தத் தடவை முப்பத்தொன்று. பாஸுக்கு நாலு குறைவு. நாலு மார்க் எங்கே போயிருக்கும் என்று இவள் கணக்குப் போட்டுப் பார்க்கப் பயந்தாள். டங், டங். அனந்தநாராயணன் தலைகுனிந்து வணங்கினான். நதிக்கும் நிலவுக்கும் சேர்த்து அரங்கம் கை தட்டியது.

"அடுத்து வர்றது தங்கச்சி முத்துமீனா" என்றார் நடுவர். "பார்த்தா சாது. வாயைத் திறந்தா பத்து வக்கீல். வருங்கால மாப்பிள்ளை எங்கேயோ உக்காந்து நிம்மதியா சாப்பிட்டுட்டு இருக்கான், பாவம், சாப்பிடட்டும், விட்டுருவோம்." சிரிப்பு. நாற்காலியிலிருந்து மைக் வரைக்கும் ஒன்பது எட்டு வைக்க வேண்டும். அட்டைகளை மேசையிலேயே விட்டுவிட்டோம் என்பது ஐந்தாவது எட்டில்தான் தெரிந்தது, திரும்பவில்லை. மைக் ஆண்களின் வாய் உயரத்துக்கு இருந்தது, இறக்கினாள், கிரீச்சிட்டது. மூன்றாவது வரிசையைப் பார்க்கக் கூடாது. பார்க்கவே கூடாது. பார்த்தால் அறுநூறு தலையும் அந்தப் பக்கம் திரும்பும். மாடி விளக்கைப் பார்த்தாள். "ஐயா" என்றாள். நடுவர் அவர்களே என்று வரவில்லை, ஐயா என்றுதான் வந்தது. "நீங்க சொன்ன கதையில ஒரு பாதிதான் இருக்கு. அந்த அம்மா நாலாவது தடவையும் எழுதப் போறாங்க. அதை விட்டுட்டீங்க. பரவாயில்ல. அவங்க படிக்கிற புத்தகத்துல இருந்து ஒரு கணக்கு கேக்கேன். ஆரம் ஏழு சென்டிமீட்டர், உயரம் பன்னிரண்டு சென்டிமீட்டர். அந்தக் கூம்போட கன அளவு என்ன?" அரங்கம் எங்கே சிரிப்பது என்று தெரியாமல் நின்றது. நடுவர் கைதேர்ந்த கலைஞர், தடுமாறுவாரா? "ஏம்மா, பட்டிமன்றத்துக்கு வந்தியா, டியூசன் எடுக்க வந்தியா? எனக்குக் கணக்கு வந்திருந்தா நான் ஏம்மா தமிழ் படிக்கப் போறேன்!" வெடித்தது சிரிப்பு. இந்தத் தடவை இவள் உதடு விரியவில்லை. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் நின்றாள். "பாத்தீங்களா ஐயா. உங்களுக்குக் கணக்கு வரலைன்னா அது தமிழ்ப் பற்று. அந்த அம்மாவுக்கு வரலைன்னா அது ஜோக்." யாரோ மாடியில் ஒரு பெண் தட்டினாள், ஒற்றைக் கை தட்டல், நின்றுவிட்டது. நடுவரின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் ஆள் அதற்குப் பின்னால் இல்லை. "எதிரணியில மூணு பேரு இருக்காங்க. யாராவது சொல்லலாம்" என்றாள். அனந்தநாராயணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். துறைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதில் வராவிட்டால் வராது; நானே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்; அம்மா யாரோ ஒரு அம்மாவாக எழுந்து வீட்டுக்குப் போகட்டும்; அந்த உரிமையையாவது நான் தொடாமல் விட்டேன் என்று இருக்கட்டும். பார்க்காதே. பார்த்தாள். அம்மா இவளைப் பார்க்கவில்லை. கைப்பை மேல் வலது ஆள்காட்டி விரல் எழுதிக்கொண்டிருந்தது. ஏழில் ஏழு அடிபட்டது. பன்னிரண்டில் மூன்று அடிபட்டு நாலு நின்றது. இருபத்திரண்டு ஏழு நூற்று ஐம்பத்துநாலு. விரல் நின்றது. போதும் அம்மா, மனசுக்குள் சொன்னால் போதும், எனக்குத் தெரிந்துவிட்டது.

"அறுநூத்திப் பதினாறு."

ரொம்பச் சத்தமாக இல்லை. சத்துணவு வரிசையில் பிள்ளைகளை "தட்ட நேராப் பிடி" என்று சொல்கிற குரல்தான். தலைகள் திரும்பின. நடுவர் நெற்றியில் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கினார். "யாரும்மா அது?" அம்மா எழுந்தாள். நாற்காலி பின்னால் இடித்தது. பையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்திருந்தாள், முந்தானை தோளில் கிடந்தது, வாய்க்கு வரவில்லை.

"நாந்தாங்க. மூணு தரம் பெயிலாப் போனவ."

சொல்லிவிட்டு உட்காரப் போனாள். பாதி உட்கார்ந்தவள், அடுப்பில் எதையோ மறந்துவிட்டு வந்தது போல மறுபடி நிமிர்ந்து, இந்தத் தடவை மகளைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே சொன்னாள்:

"கன சென்டிமீட்டர்."